புதுப் பல்செட்டு: வாய் பழகும் வரை

மதுரை டவுன் பஸ்ஸில் 29 வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். வாய்தான் பிழைப்பு. சர்க்கரையும் வெற்றிலை பாக்கும் சேர்ந்து ஒவ்வொரு பல்லாக ஆட்டியதில், ரிட்டயர் ஆன மூன்றாம் வருஷம் மேலேயும் கீழேயும் ஒன்றுமில்லை. முழு செட்டு போட்டு இப்போது நாலு வருஷம் ஆகிறது. எங்கள் தெருவில் யார் பல்செட்டு வாங்கினாலும் ஒரு வாரத்துக்குள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். வந்து சொல்வது எல்லாம் ஒரே பல்லவி: "அண்ணே, காசைக் கொட்டியாச்சு, வாயில வைக்க முடியல." அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்ட நிமிஷமே எழுத்து தெரியும். பல்செட்டு அப்படியில்லை, அது சைக்கிள் மாதிரி. விழுந்து எழுந்துதான் பழக வேண்டும். மேல் செட்டு அண்ணம் முழுக்கப் படிந்து உட்காருகிறது. ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளுமே, அதேபோல எச்சில்தான் அதைப் பிடித்து வைக்கிறது. கீழ் செட்டு குதிரை லாடம் மாதிரி. படிய இடம் குறைவு, நடுவில் நாக்கு வேறு ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கும். அதனால் கீழ் செட்டு ஆடத்தான் செய்யும். நாக்கும் கன்னமும் உதடும் சேர்ந்து அதை அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும், சிலருக்கு ரெண்டு மூணு மாசம்கூட ஆகும். இது தெரியாமல் பத்தாம் நாளே கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

யாரிடம் செய்வது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவர்களுக்கு 1948-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பி.டி.எஸ். படித்து, பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் செட்டு செய்யலாம். கட்டுப்பல், பல்செட்டு துறையிலேயே எம்.டி.எஸ். படித்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், சந்தையில், "ஒரே நாளில் கழற்றாத பல்" என்று போர்டு வைத்திருப்பவரிடம் போகாதீர்கள். முழு செட்டு என்றால் அளவு எடுக்க, கடிமானம் பார்க்க, மெழுகில் வைத்துக் காட்ட, கடைசியில் மாட்ட என்று நாலைந்து நடையாவது ஆகும். மெழுகில் வைத்துக் காட்டும் அன்று வெட்கப்படாமல் கண்ணாடி கேளுங்கள், வீட்டாரையும் கூட்டிப் போங்கள். பல்லின் நிறமோ வரிசையோ பிடிக்கவில்லை என்றால் மாற்றக்கூடிய கடைசி நாள் அது. செலவுக்குக் கஷ்டம் என்றால் பெரியாஸ்பத்திரியின் பல் பிரிவிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரியுங்கள். கல்லூரியில் நடை கூடும், கட்டணம் குறையும்.

முதல் நாள்

வீட்டுக்கு வந்ததும் மூன்று சங்கடம் வரும். வாயில் ஏதோ கட்டையை அடைத்த மாதிரி இருக்கும். எச்சில் ஊற்றாகப் பெருகும். மேல் செட்டின் பின்விளிம்பு தொண்டைப் பக்கம் உரசி ஓங்கரிக்கும்.

எச்சில் பெருகுவதற்குக் காரணம், செட்டை வாய் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வதுதான். துப்பாதீர்கள், விழுங்குங்கள். சில நாளில் வாய்க்கு உண்மை புரிந்து அடங்கிவிடும். ஓங்கரிப்பு வந்தால் மூக்கால் நிதானமாக மூச்சு விட்டு, ஒரு ஆரஞ்சு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருங்கள். சர்க்கரை இருப்பவர்கள் மிட்டாய்க்குப் பதில் ஒரு ஏலக்காய். ஒரு வாரம் போயும் ஓங்கரிப்பு குறையவில்லை என்றால் பின்விளிம்பு நீளமாக இருக்கலாம், டாக்டர் பார்த்துக் குறைப்பார்.

மாட்டும்போது செட்டைத் தண்ணீரில் நனைத்து, விரலால் அழுத்தி உட்கார வையுங்கள். வாயில் போட்டுக் கடித்து உட்கார வைக்கும் பழக்கம் வேண்டாம், செட்டு விரிசல் விடும். மேல் செட்டைக் கழற்ற முடியாமல் திண்டாடுகிறவர்கள், வாயில் தண்ணீர் வைத்துக் கன்னத்தை உப்பி நாலு தடவை கொப்பளித்தால் காற்று புகுந்து தானாக இறங்கும். இல்லையென்றால் கன்னப் பக்கம் ஓரத்தில் ஆள்காட்டி விரலை விட்டு லேசாக இழுங்கள். கீழ் செட்டுக்கு இந்த வித்தை எல்லாம் தேவையே இல்லை, அது நாம் கேட்காமலே கிளம்பி வரும்.

புண் வரும், வந்தால் செய்ய வேண்டியது

ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ ஈறில் எங்காவது உறுத்தும். பெரும்பாலும் கீழே, நாக்குப் பக்கத்து ஓரத்தில். அளவு தப்பிவிட்டது, டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று எல்லோரும் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான் இதுவும். ஆனால் செருப்பு மாதிரி நடந்து நடந்து சரியாகாது, டாக்டர் ராவித் தர வேண்டும்.

எனக்கு மூணாம் நாள் தண்ணீர் குடித்தாலே எரிந்தது. செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ரெண்டு நாள் கழித்து வெறும் வாயோடு டாக்டரம்மாவிடம் போனேன். வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, புண் ஆறிப்போச்சு. எந்த இடம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? போட்டுக்கிட்டுல்ல வரணும்!" என்றார். மறுநாள் காலையிலிருந்தே போட்டுக்கொண்டு போனேன். செட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு பசையைத் தடவி, வாயில் வைத்து அழுத்தி எடுத்தார். எல்லா இடத்திலும் பசை அப்படியே இருக்க, ஒரு இடத்தில் மட்டும் விலகி ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. உளுந்தம்பருப்பு அளவு இடம். அதை மட்டும் மோட்டாரில் ராவினார். விழுந்த தூளை விரல் நகத்தில் அள்ளிவிடலாம். அந்த நகக்கண் தூளுக்காகத்தான் ரெண்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

ஆகவே, புண் அதிகமாக வலித்தால் கழற்றி வாய்க்கு ஓய்வு கொடுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கொப்பளியுங்கள். டாக்டரிடம் போகிற அன்று மட்டும் சில மணி நேரம் முன்பே செட்டை மாட்டிக்கொண்டு போங்கள். தடம் தெரிந்தால்தான் சரியான இடத்தில் ராவ முடியும். நாலைந்து தடவை போக வேண்டி வந்தாலும் சலித்துக்கொள்ளாதீர்கள், செட்டுக்குக் கொடுத்த பணத்தில் இந்த நடையும் சேர்த்திதான்.

வீட்டில் உப்புத்தாள், அரம், கத்தி எதையும் தொடாதீர்கள். நாம் ஒரு பக்கம் தேய்த்தால் கடிமானம் மறுபக்கம் போய்விடும். தேய்த்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

சாப்பாடு

மதுரைக்காரனுக்கு இதுதான் பெரிய பாடம். முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும்: சொந்தப் பல்லின் கடிக்கும் வலுவில் கால்வாசி அளவுதான் செட்டில் கிடைக்கும். அந்தக் கால்வாசியை வைத்துக்கொண்டு நன்றாகவே சாப்பிடலாம், முறை தெரிந்தால்.

ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லுங்கள். முறைகளில் தலையானது இது. பல் இருந்த காலத்தில் நாம் எல்லோரும் ஒரு பக்கமாகத்தான் மென்றோம். செட்டில் அப்படி மென்றால் அந்தப் பக்கம் அமுங்கும், எதிர்ப்பக்கம் தூக்கும். சுண்டைக்காய் அளவு உருண்டை வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. நாக்கால் பிரித்து வைக்கப் பழகும் வரை கையாலேயே வைத்துக்கொள்ளலாம். கையால் சாப்பிடுகிறவர்கள் நாம், பிய்ப்பதும் பிசைவதும் விரலுக்கே தெரியும். முன்பல்லுக்கு வேலை கொடுக்காமலே ஒரு சாப்பாட்டை முடித்துவிடலாம்.

முன்பல்லால் கடித்து இழுத்தால் மேல் செட்டு பின்னால் கிளம்பிவிடும். கடித்தே ஆக வேண்டும் என்றால் ஓரப் பல்லால் கடியுங்கள். இழுக்காதீர்கள், பண்டத்தை உள்பக்கமாகத் தள்ளிக் கடியுங்கள்.

முதல் நாலைந்து நாள் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, ரசம் சோற்றைக் குழைத்து, இடியாப்பத்தில் பால் ஊற்றி என்று ஓட்டுங்கள். சாயங்காலம் ஒரு டம்ளர் பருத்திப்பால். ஆனால் இட்லியிலேயே ஒரு மாசம் உட்கார்ந்துவிடாதீர்கள். அது நாக்கிலேயே கரைந்துவிடும், மெல்லும் பழக்கம் வராது. ரெண்டாம் வாரம் தோசையின் நடுப்பகுதி, குழைய வெந்த பூசணி, சுரைக்காய், அவித்த முட்டை. ஒரு மாசம் வாக்கில் சப்பாத்தி. பரோட்டாவுக்கு நான் வழி கண்டுபிடிக்கத் தேவையிருக்கவில்லை. நம்ம ஊரில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறவிட்டுத்தானே சாப்பிடுகிறோம்! கறி ஆசைக்குக் கோலா உருண்டை இருக்கிறது, ஏற்கெனவே அரைத்ததுதான். சுக்கா ரெண்டு மூணு மாசம் பொறுக்கட்டும். அப்போதும் நன்றாக வெந்த இளங்கறிதான்.

மீன் விஷயத்தில் கவனம். அண்ணம் மூடியிருப்பதால் வாயில் முள் இருப்பதே தெரியாது. கண்மாய்க் கெண்டையை நான் விட்டுவிட்டேன், முள் குறைந்த விராலோடு சரி. அதையும் விரலால் உதிர்த்துப் பார்த்துத்தான். சூடும் அப்படியே. அண்ணத்துக்குச் சூடு உறைக்காமல் கொதிக்கக் கொதிக்க டீ நேரே தொண்டைக்குப் போய்விடும். உதட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுக் குடியுங்கள். ருசியே தெரியவில்லை என்று முதல் வாரம் புலம்புவார்கள். ருசி தெரியும் இடம் பெரும்பாலும் நாக்குதான், அது திறந்துதான் இருக்கிறது. புதுச் சாமானின் மேல் இருக்கும் கவனம் குறையக் குறைய ருசி திரும்பிவிடும்.

இதையெல்லாம் டாக்டர் சொன்னார். யாரும் எனக்குச் சொல்லாமல் விட்டது கடுகு. சட்னியில் தாளித்த கடுகு ஒன்று கீழ் செட்டுக்கு அடியில் போனால், சத்தியமாகச் சொல்கிறேன், ஜல்லிக்கல் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நாக்கால் நோண்டி எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போகும். எழுந்து போய்க் கழற்றிக் கழுவுவது ஒன்றே வழி. கொய்யா விதை, தக்காளி விதை, எள் எல்லாம் இதே ஜாதி. என் வீட்டில் இப்போது தாளித்த எண்ணெயைக் காபி வடிகட்டியில் வடித்து என் சட்னியில் ஊற்றுகிறார்கள். கறிவேப்பிலை அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

அல்வா, ஜவ்வுமிட்டாய், கடலைமிட்டாய், பொங்கல் கரும்பு எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு. ஜிகர்தண்டாவுக்குத் தடையில்லை, அது வழுக்கிக்கொண்டு போகும். சர்க்கரைக்காரனான எனக்கு அதுவும் எப்போதாவதுதான்.

பேச்சு

செட்டு போட்ட அன்று சாயங்காலம் பேத்தியிடம் "சிம்மக்கல்" என்றேன். "ஷிம்மக்கல்" என்று விசிலோடு வந்தது. 29 வருஷம் கூவிய பெயர்.

பிறகு யோசித்ததில், என் பழைய தொழிலே எனக்கு வைத்தியம் ஆனது. நாக்கு மேலே தொடும் இடம் எல்லாம் செட்டால் தடித்திருக்கிறது, புது இடத்தை நாக்குக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பைவிடத் தோதான பாடப்புத்தகம் இல்லை. 'ச'வுக்கு சிம்மக்கல், செல்லூர், சோழவந்தான். முன்பல்லில் நாக்கு முட்டும் 'த', 'ந' ரெண்டுக்கும் தல்லாகுளம், தெப்பக்குளம், நரிமேடு. நாக்கு மேலே வளையும் 'ழ', 'ட', 'ள' வகைக்கு பழங்காநத்தம், மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம், விளாங்குடி. கீழுதடு மேல்பல்லைத் தொட வேண்டிய ஒலிக்கு ஃபாத்திமா காலேஜ். காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நின்று, பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒவ்வொரு ரூட்டாகச் சத்தமாகக் கூவினேன். பக்கத்து வீட்டுக்காரர் விசில் அடித்து "ரைட்" என்பார். பத்துப் பன்னிரண்டு நாளில் நேராகிவிட்டது.

உங்களுக்குக் கூவ வெட்கமாக இருந்தால் பேப்பரைச் சத்தமாக வாசியுங்கள். பேசும் முன் எச்சிலை ஒரு தடவை விழுங்கிவிட்டு, பின்பல்லை லேசாகக் கடித்துச் செட்டை உட்கார வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசுங்கள். பேசும்போது டக் டக் என்று பல் முட்டும் சத்தம் ஒரு மாசம் தாண்டியும் வந்தால் அது பழக்கக் குறை அல்ல, செட்டின் உயரத்தில் கோளாறாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழுவுவது

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு கழற்றித் தண்ணீரில் அலசுங்கள். ராத்திரி மட்டும் ஒழுங்காகத் தேய்க்க வேண்டும். மிருதுவான பிரஷ், சாதாரண சோப்பு அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு, அது போதும். பேஸ்ட், பல்பொடி, சாம்பல் வேண்டாம். செட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக், பேஸ்ட்டில் இருக்கும் நறநறப்பு அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், கீறலில் அழுக்கும் கிருமியும் குடியேறும். சுடுதண்ணீரும் ஆகாது, செட்டு நெளிந்துவிடும்.

வாஷ்பேசினில் பாதித் தண்ணீர் நிரப்பியோ அடியில் ஒரு துண்டை விரித்தோதான் கழுவ வேண்டும். நான் ஒரு நாள் அவசரத்தில் வெறும் பேசினில் கழுவினேன். சோப்பு வழுக்கி, மேல் செட்டு நடுவாக ரெண்டாகப் போனது. அதோடு விட்டிருக்கலாம். பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பசை வாங்கி ஒட்டினேன். மயிரிழை விலகி ஒட்டியிருக்கிறது, வாயில் உட்காரவே இல்லை. பசை இறுகிய விளிம்பை லேபில் சுத்தமாகப் பொருத்த முடியாமல், மேல் செட்டைப் புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று. துண்டுகளை அப்படியே கொண்டுபோயிருந்தால் சேர்த்துக் கொடுத்திருப்பார்களாம். உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு டாக்டரிடம் போங்கள், வேறு எதுவும் செய்யாதீர்கள்.

போர் தண்ணீர் வீடுகளில் ஒரு கூடுதல் தொல்லை. பக்கெட்டிலும் பைப் வாயிலும் வெள்ளையாகப் படியும் உப்பு, செட்டிலும் படியும். பிரஷ்ஷுக்கு அசையாது. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் விடும். எப்போதாவது செய்தால் போதும், செய்தபின் நன்றாக அலசுங்கள். அதைவிட, ஊறவைக்கவும் அலசவும் குடிதண்ணீரையே வைத்துக்கொள்வது மேல். மெடிக்கலில் செட்டு கழுவும் மாத்திரை கிடைக்கிறது, தண்ணீரில் போட்டால் நுரைத்து அழுக்கை இளக்கும். அது பிரஷ்ஷுக்குத் துணை, பிரஷ்ஷுக்கு மாற்று இல்லை. மாத்திரையை யாரும் வாயில் போட்டுவிடாமல் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

செட்டோடு வாயையும் கழுவ வேண்டும். ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷாலோ, விரலில் சுற்றிய ஈரத் துணியாலோ தினமும் துடையுங்கள்.

ராத்திரி

கழற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும். பல் பிடுங்கிய அன்றே மாட்டிய செட்டு என்றால் மட்டும் முதல் நாள் கழற்ற வேண்டாம் என்பார்கள், அதில் டாக்டர் சொல்படி நடங்கள். மற்றபடி ஈறுக்கும் மூச்சு விட நேரம் வேண்டும். ராப்பகலாகப் போட்டால் அண்ணம் செக்கச்செவேலென்று பூஞ்சை பிடிக்கும். பெரும்பாலும் வலிக்காது, அதனாலேயே தெரியாமல் வளரும். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரைக் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

கழற்றியதைக் காயவிடாமல் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காய்ந்தால் வடிவம் லேசாக மாறும், அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. "தாத்தா பல்லு நீச்சல் அடிக்குது" என்று பேத்தி ஊரெல்லாம் சொன்ன பிறகு, உள்ளே தெரியாத டப்பாவாக மாற்றிவிட்டேன்.

நாள் ஆக ஆக

பல் போன இடத்து எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். முதல் வருஷம்தான் அதிகம். கீழ்த்தாடையின் முன்பக்கம் மேல்தாடையைவிட ஏறக்குறைய நாலு மடங்கு கரைகிறது. செட்டு மாறாது, தாடை மாறும், ஆகவே லூசாகும். உடம்பு இளைத்தாலும் லூசாகும். அப்போது உள்பக்கம் புதிதாக ஒரு படலம் வைத்து இறுக்கிக் கொடுப்பார்கள். ஐந்து முதல் ஏழு வருஷத்தில் செட்டையே மாற்ற வேண்டி வரலாம். பல் இல்லாதவனுக்குப் பல் டாக்டர் எதற்கு என்று நினைக்காமல் வருஷம் ஒரு தடவை காட்டுங்கள்.

லூசான செட்டுக்கு ஒட்டும் பசையை அப்பிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பசை தப்பில்லை, மூணு இடத்தில் பட்டாணிக்கும் குறைவாகப் பொட்டு வைத்தால் போதும். ஒரு டியூப் ஒரு வாரத்தில் தீர்கிறது என்றால் செட்டுதான் சரியில்லை. துத்தநாகம் கலக்காத பசையாகக் கேட்டு வாங்குங்கள். கீழ் செட்டு எவ்வளவு பழகியும் நிற்கவே இல்லை என்றால், தாடை எலும்பில் திருகு மாதிரி ரெண்டு இம்ப்ளான்ட் பதித்து அதில் பட்டன் மாதிரி மாட்டும் வழி உண்டு. செலவு கூட.

எந்தப் புண்ணும் ரெண்டு வாரத்தில் ஆறாவிட்டால், செட்டு உரசியது என்று நீங்களே முடிவு செய்யாமல் காட்டிவிடுங்கள். வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்தவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான். ஆபரேஷனுக்குப் போனால் செட்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லிக் கழற்றி வீட்டாரிடம் கொடுங்கள்.

வெளியூர் போகும்போது டப்பாவை மறக்காதீர்கள். கழற்றியதைத் துணியிலோ பேப்பரிலோ சுற்றி வைத்தால் யாராவது குப்பை என்று எறிந்துவிடுவார்கள். என் சகலை ஒருவர் திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்து முந்திரி அடியில் போய்விட்டது என்று கீழ் செட்டைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்தார். சம்பந்தி வந்து பேச்சுக் கொடுக்க, பேசிக்கொண்டே இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அப்புறம் நாங்கள் ரெண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் பின்பக்கம் எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நாற்பதாவது இலையோ நாற்பத்தைந்தாவதோ, சாம்பார் பூசிக்கொண்டு கிடந்தது. அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் ஒரு சோப்பு டப்பா இருக்கிறது.